கடைசி வசனத்துக்காக நெய்வேலி

நெய்வேலியைச் சுற்றிப் பார்க்க யாரும் கிளம்புவதில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. கல்லூரியில் படித்தபோது நான் எடுத்த முதல் குறும்படத்தில் கடைசி வசனம் காதில் விழாது. அதை மறுபடி பதிவு செய்யத்தான் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். எங்கள் துறையில் பழைய மாணவர்களின் முதல் படங்களைத் திரையிடப் போகிறார்களாம், என் படத்தையும் கேட்டிருந்தார்கள். அப்படியே அனுப்பினால் மானம் போய்விடும்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். படம் எடுத்த நாலு பேருமே நெய்வேலிக்காரர்கள். அங்கே அனல்மின் நிலையமும் நிலக்கரி சுமக்கும் கன்வேயரும் ராத்திரி பகலாக ஒரே இரைச்சல். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு எங்கள் காதுக்கு அது சத்தமே இல்லை. ஹெட்போன் மாட்டிக் கேட்டுவிட்டு, ஆடியோ பிரமாதம் என்று நாங்களே மெச்சிக்கொண்டோம். சென்னையில் வகுப்பில் போட்டுக் காட்டியபோது முதல் கேள்வியே, "படம் முழுக்க யார் வீட்டுல மிக்ஸி ஓடுது?" என்றுதான் வந்தது. படிப்பு முடிகிறவரை என் பெயர் மிக்ஸி.

சென்னையிலிருந்து கும்பகோணம் போகிற பஸ்ஸில், பண்ருட்டி வழிதானா என்று கேட்டு ஏறுங்கள். நிலக்கரிக் கம்பெனி டவுன்ஷிப்பின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டில் இறங்க வேண்டும். சுமார் இருநூறு கிலோமீட்டர், எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. இறங்கி நின்றதும் முதலில் கேட்டது அந்த இரைச்சல்தான். பகீரென்றது. வளர்ந்த காலமெல்லாம் கேட்காத சத்தம், வெளியூர்க்காரிக்குக் கேட்பது போல எனக்கும் கேட்டது.

ஆட்டோ பிடித்து முதலில் எங்கள் பழைய குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வேண்டாத வேலை. அப்பா ரிட்டயர் ஆனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அதுதான் டவுன்ஷிப் சட்டம். அதனால் எங்களில் பாதிப் பேருக்குப் பிறந்த ஊரில் கதவைத் தட்ட ஒரு வீடு கிடையாது. வாசல் கேட் பக்கத்தில் நான் நின்றதைப் பார்த்து ஓர் அம்மா வெளியே வந்தார்.

"யாருங்க வேணும்?"

"யாரும் இல்லைங்க. முன்னாடி இந்த வீட்டுலதான் இருந்தோம்."

"அப்படிச் சொல்லிட்டு ரெண்டு மூணு பேர் வந்துட்டாங்க. போட்டோ எடுக்கறதுன்னா எடுத்துக்கங்க. துணி காயுது, அது மட்டும் படத்துல விழாம பாத்துக்கங்க."

எடுத்துக்கொண்டேன். துணி விழாமல் எடுத்ததில் வீடும் பாதிதான் விழுந்தது.

இனி மேகலா. பள்ளியிலிருந்து என் தோழி, அந்தப் படத்தில் கடைசி வசனம் பேசியவள். டவுன்ஷிப்பை ஒட்டிய கிராமத்துக்காரி, இப்போது மைன்ஸ் ஆபீஸ் ஒன்றில் கான்ட்ராக்டில் டேட்டா என்ட்ரி பார்க்கிறாள். ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள். பன்னிரண்டு வருஷமாக நேரில் பார்க்கவில்லை. அவள் வீட்டுக்குப் போனபோது சோறு, சுண்டக்குழம்பு, கருவாடு எல்லாம் தயார். சாப்பிட்டதும் ஜன்னலை அடைத்து, போர்வை தொங்கவிட்டு, ரெக்கார்டரை வைத்தேன். ஹெட்போனில் அதே இரைச்சல்.

"இங்க வேணாம்டி, சத்தம் வருது."

"எந்தச் சத்தம்?" என்றாள். "நீ வந்ததுல இருந்து இதையே சொல்லிகினு இருக்க. எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

அவளோடு சேர்ந்து எனக்கும் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று அப்போது பொறாமையாக இருந்தது.

அவள் ஸ்கூட்டியிலேயே கிளம்பினோம். வடலூர் தாண்டி, குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பு. இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வண்டியை நிறுத்தியதும் அவள் காதைக் குடைந்துகொண்டாள். "என்னாடி, காது அடைச்ச மாதிரி இருக்குது?"

படத்தின் கதை சின்னது. அப்பா ரிட்டயர் ஆகி ஒருத்தி ஊரைவிட்டுப் போகிறாள். பஸ் நகரும்போது கீழே நிற்கிற தோழி, அதாவது மேகலா, "எப்ப வருவ?" என்று கேட்பாள். அதோடு படம் முடியும்.

முதல் டேக்கில் மயில் கத்தியது. இரண்டாவதில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து ஓர் ஆடு. "கொஞ்சம் மெதுவா", "வாயை மைக்குக்கு நேரா வச்சுக்கோ", "இன்னொரு வாட்டி" என்று நான் ரெக்கார்டரின் ஒலி மீட்டரைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு டேக் மிகச் சரியாக வந்தது. பாதுகாப்புக்கு இன்னொன்று கேட்டேன். அதையும் சொன்னாள். பிறகு, வசனம் போலில்லாமல் சாதாரணமாகச் சொன்னாள்.

"ஏண்டி, இத்தினி வாட்டி கேக்கறன். ஒரு வாட்டியாவது பதில் சொன்னியா?"

கிண்டல் என்று நினைத்து நிமிர்ந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முந்திரிச் சருகைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள். சீக்கிரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வருவதற்கு அடுத்தமுறை என்ன வேலை இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவள் வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: திரும்புவதற்கு வடலூரிலும் சென்னை பஸ் கிடைக்கும். ஞாயிறு சாயங்காலம் எல்லாம் நிறைந்தே வரும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நான் விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்தேன். வெயில் காலம் வேண்டாம். தெரிந்தவர் இருந்தால் காலையில் வந்து மாலையில் ஓடாமல், ஒரு ராத்திரியாவது தங்குங்கள். நான் படுக்க மேகலா ஒரு பாயை எடுத்துவைத்திருந்ததை, புறப்படும்முன் பையை எடுக்க அவள் வீட்டுக்குப் போனபோதுதான் பார்த்தேன்.

அந்தச் சரியான டேக்கைப் படத்தில் சேர்த்து அனுப்பிவிட்டேன். உதட்டசைவோடு பொருந்தியது, இனி யாரும் மிக்ஸி என்று சொல்ல முடியாது. ரெக்கார்டரை நான் அணைக்க மறந்திருந்ததால் மேகலா கடைசியாகக் கேட்டதும் அதில் இருக்கிறது. அதன் பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. மயில் இல்லை, ஆடு இல்லை, இரைச்சல் இல்லை. நான் பேசாமல் நின்றது மட்டும் அத்தனை துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது.