பலகைக்குப் பின்னால் அக்கா

கல்லூரியில் முதல்வரிலிருந்து தோட்டக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் அக்கா. பதினைந்து வயது மூத்தவரான வாட்ச்மேன்கூட வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். அப்படிக் கூப்பிட உண்மையில் உரிமை உள்ளவள் ஒருத்திதான். பெண்கள் கால்பந்து அணியில் ஏழாம் எண் சட்டை போட்டு ஓடுகிற அவள் தங்கை. தோழிகள் தங்கைக்கு வைத்த பெயர் ஏழரை. சட்டையில் இருப்பது ஏழு, மீதி அரை அவள் வாய் என்பார்கள்.

அக்காவுக்கு முப்பத்து நாலு, தங்கைக்கு இருபது. தங்கைக்குப் பல் முளைக்கும் முன்னே அம்மா போய்விட்டாள். அப்பா லாரி ஓட்டினார். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பிறகு அவரும் போய்விட்டார். ஒரு கைக்குழந்தையும் ஒரு எட்டாம் வகுப்புப் புத்தகப் பையும் இருந்த வீட்டில், இரண்டையும் ஒரே ஆள் தூக்க முடியாது. அக்கா பையை இறக்கி வைத்தாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை. யாராவது கேட்டால்தானே சொல்வதற்கு.

தங்கை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அக்காவுக்கு ஒரு சினிமாத் தியேட்டரின் இடைவேளைக் கடையில் வேலை கிடைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் படம், இந்தப் பக்கம் டீ. பதினோரு வருடத்தில் முந்நூறு படம் கேட்டிருப்பாள்; பார்த்தது ஒன்றும் இல்லை. அழுகைக் காட்சியில் இடைவேளை விட்டால் டீ அதிகம் போகும், சண்டையில் விட்டால் சோடா என்று இசையை வைத்தே கணக்குப் போட்டு அடுப்பைக் கூட்டுவாள். நாயகன் இருமினால்கூட இன்னார் என்று சொல்வாள். அவன் எப்படி நடப்பான் என்று கேட்டால் விழிப்பாள்.

தியேட்டரை மூடினார்கள். கல்லூரியில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் கழித்துத் தங்கையும் அதே கல்லூரியில் சேர்ந்தாள். முதல் வருடம் அணியில் இடம் இல்லை. இரண்டாம் வருடம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் தண்ணீர் பாட்டிலைக் காவல் காத்தாள். மூன்றாம் வருடம்தான் பதினொரு பேரில் ஒருத்தி ஆனாள். அந்த சீசன் முடிந்தால் அவள் ஊரிலேயே இருக்கப்போவதில்லை. தொலைதூர நகரத்தில் ஒரு கம்பெனி, வேலையும் தந்து தங்கள் அணியிலும் சேர்த்துக்கொள்வதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. கடிதம் அலமாரியில் சேலை மடிப்புக்குள் இருந்தது. அக்கா அதை எடுத்துப் பார்ப்பாள், மடிப்பாள், வைப்பாள்.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. தங்கை கோல் போடுவதை, போவதற்குள் ஒருமுறை, தன் கண்ணால் பார்க்க வேண்டும். காலையில் பயிற்சி நடக்கிற நேரத்தில் அவள் இருபத்திரண்டு வகுப்பறைகளைத் திறந்து பெருக்கிக்கொண்டிருப்பாள். ஆட்டம் சனிக்கிழமை பிற்பகலில். அப்போது பணியாளர்களில் ஆளுக்கொரு வேலை. இந்த வருடம் ஸ்கோர் போர்டுக்கு ஆள் வேண்டும் என்று கோச் மேடம் கேட்டபோது, கூட்டத்தில் வாயே திறக்காத அக்கா கையைத் தூக்கினாள். போர்டு உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து மைதானம் முழுக்கத் தெரியும் என்பது அவள் நினைப்பு.

முதல் ஆட்டத்தன்று ஏணியில் ஏறிய பிறகுதான் விஷயம் புரிந்தது. நிற்கிற பலகை போர்டுக்குப் பின்னால் இருந்தது. பன்னிரண்டு அடி அகலத்துக்குக் கறுப்புத் தகரம். அதில் இரண்டு சதுரத் துளைகள், ஒன்று நம் பக்கம், மற்றது வந்தவர் பக்கம். எண் எழுதிய தகடுகளைப் பின்னாலிருந்து தவாளிப்பில் செருக வேண்டும். இரண்டிலும் சைபரைச் செருகியதும் துளைகள் அடைந்துபோயின. அதன்பின் அவளுக்குத் தெரிந்தது எதிரே இருந்த மதில் சுவர், ஒரு குழாய், நாலு சைக்கிள்.

"அண்ணே, கோல் விழுந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்று கீழே நின்ற வாட்ச்மேனிடம் கேட்டாள்.

"நான் எதுக்கும்மா இருக்கேன்? போர்டு காலைத் தட்டுவேன். ஒரு தட்டுன்னா நம்ம கோல், ரெண்டு தட்டுன்னா அவங்க கோல். தட்டாம இருந்தா நான் தூங்கிட்டேன்னு அர்த்தம்."

வேறு ஆளைப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். தானே கை தூக்கிவிட்டு எந்த முகத்தோடு சொல்வது?

முதல் தட்டு அன்றைக்கே விழுந்தது. மைதானம் கத்திய கத்தலில் தகரம் அதிர்ந்தது. அவள் சைபரை உருவினாள். துளை திறந்துகொண்டது. சதுரத்துக்குள் பச்சைப் புல், அதில் ஒருத்தி மேல் ஒருத்தியாக விழுந்து கிடக்கிற பெண்கள். அந்தக் குவியலிலிருந்து பிய்த்துக்கொண்டு தங்கை போர்டை நோக்கி ஓடிவந்தாள். துளையில் அக்காவின் முகத்தைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினாள். அக்காவும் கையிலிருந்த ஒன்றாம் எண் தகட்டை ஆட்டினாள். பிறகு அதைச் செருகினாள். மறுபடி மதில் சுவர்.

"பாத்தியாக்கா?" வீட்டுக்குள் காலை வைக்குமுன்னே தங்கை கேட்டாள்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று எப்படிச் சொல்வது? "பாத்தேன்டி."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா! டீ எப்படி இருக்குன்னா கேட்டேன்?" தங்கை காலுறைகளைச் சுருட்டிப் பந்தாக்கி, கட்டிலுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே கோலைத் திரும்பவும் போட்டுக் காட்டினாள். காலுறை வாளியில் மோதியது, வாளி சுவரில் மோதியது, பக்கத்து வீட்டுக்காரம்மா அந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டினார். "ஏன்டி, அது மனுஷங்க இருக்கற வீடுதானே?" என்று அக்கா அதட்டினாள். வாளியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, "எங்க, அந்தக் கடைசித் திருப்பத்தை மட்டும் இன்னொரு தடவை காட்டு" என்றாள்.

சீசன் இப்படியே போனது. இரண்டாம் ஆட்டத்தில் யாருக்கும் கோல் இல்லை. மூன்றாவதில் தங்கை இரண்டு போட்டாள். நான்காவதில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் சதுரத்துக்குள் கட்டிப்பிடித்தலும் குதித்தலும் தெரிந்தன. கல்யாணத்துக்குப் போனவள் ஒவ்வொரு முறையும் தாலி கட்டி முடிந்த பிறகு உள்ளே நுழைகிற மாதிரிதான். ஒரு மாணவி போனில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். அதில் எல்லாரும் எறும்பு அளவு இருந்தார்கள். பந்து கோலை நெருங்கியபோது எடுத்தவளே கத்திக்கொண்டு குதித்ததில், மீதி வீடியோ முழுக்க வானம்.

அரையிறுதியில் அக்காவுக்கு ஆசை மீறிவிட்டது. நம் அணிக்கு ஃப்ரீ கிக் என்று வெளியே சத்தம் கேட்டது. "உன் தங்கச்சிதான் அடிக்கப் போகுது" என்றார் வாட்ச்மேன். அக்கா சைபரைச் சத்தமில்லாமல் உருவினாள். துளையில் கண்ணை வைத்தாள். அவ்வளவுதான், மைதானம் கொல்லென்று சிரித்தது. பந்தை அடிக்குமுன்னே போர்டில் சைபர் காணாமல் போனால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எதிரணிக் கோச் கத்தினார், ரெஃப்ரி விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். கோச் மேடம் போர்டுக்கு அடியில் வந்து நின்றார்.

"அக்கா! அடிக்கிறதுக்கு முன்னாடியே கோல் போடற போர்டு உலகத்துலயே நம்ம போர்டுதான். நம்பர் இல்லாம ஒரு நொடி இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அக்கா சைபரைச் செருகினாள். காது மடல் வரைக்கும் எரிந்தது. பதினைந்து நிமிடம் கழித்து ஒரு தட்டு விழுந்தது. தங்கைதான். ஐந்தாவது கோல். சதுரத்தில் தங்கை கை ஆட்டியபோது அக்காவும் ஆட்டினாள், தலை நிமிராமல்.

இறுதி ஆட்டமும் சொந்த மைதானத்தில்தான். அன்றைக்கு அக்கா தகடுகளை எல்லாம் துடைத்து அடுக்கினாள். எண்பது நிமிடம் தாண்டியும் தட்டுச் சத்தம் இல்லை. பிறகு ஒரு விசில். கூட்டம் ஆவென்று கத்தியது, சட்டென்று அடங்கியது.

"பெனால்டிம்மா! நமக்கு!" வாட்ச்மேனுக்கு மூச்சு வாங்கியது. "ஏழரைதான் பந்தை வாங்கி வைக்குது."

பெனால்டி என்றால் நேரம் ஆகும் என்பது அக்காவுக்குத் தெரியும். பந்தை வைப்பார்கள், எல்லாரையும் விலக்குவார்கள், விசிலுக்குக் காத்திருப்பார்கள். ஏணியில் ஐந்து படி. போர்டைச் சுற்றி வரப் பத்து எட்டு. ஒன்றாம் எண் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"எங்கம்மா போற? நான் யாருக்குத் தட்டறது?"

"ஒரு நிமிஷம்ண்ணே."

முதல்முறையாக மைதானத்தை முழுசாகப் பார்த்தாள். அது இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. ஒரு கோடியில் தங்கை தனியாக நின்றாள். வீட்டில் கட்டிலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே திரும்ப இடமில்லாமல் இடித்துக்கொள்கிறவள், அங்கே விரல் அளவுக்கு இருந்தாள். விசில் ஒலித்தது. தங்கை நாலு எட்டு ஓடி அடித்தாள்.

பந்து மேல் கம்பத்தில் மோதிய சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

தங்கை அப்படியே குந்திவிட்டாள். சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தெறித்து வந்த பந்தை எதிரணிக்காரி ஒருத்தி தூக்கி உதைக்க, அது நடு மைதானத்தில் அதே அணியின் கட்டை முடி வைத்த ஒரு பெண்ணின் காலில் வந்து விழுந்தது. அவள் ஓட ஆரம்பித்தாள். போர்டுக்கு முன்னால்தான் ஓடினாள். அவள் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தி வந்தபோது நின்றாள், அவளை முன்னே போகவிட்டு, இடது காலால் மெதுவாக ஒரு தள்ளு தள்ளினாள். பந்து அவசரமே இல்லாமல் உருண்டது. நீட்டிய கோல்கீப்பரின் விரலுக்கும் கம்பத்துக்கும் நடுவே புகுந்து வலையைக் கொஞ்சம் தூக்கிவிட்டு நின்றது.

அக்கா கண் இமைக்கவில்லை. இதுவா கோல்? இதையா ஐந்து தடவை விட்டாள்?

டங், டங் என்று இரண்டு தட்டு. "அம்மா! ஏம்மா!" மறுபடி இரண்டு தட்டு. மைதானம் முழுக்கப் போர்டைப் பார்த்தது. அதில் இன்னும் சைபரும் சைபரும் இருந்தன. கத்தல் கேட்டுச் சட்டைக்குள்ளிருந்து முகத்தை எடுத்த தங்கையும் போர்டைத்தான் பார்த்தாள். பிறகு அதன் பக்கத்தில், வெயிலில், கையில் ஒன்றாம் எண்ணோடு நிற்கிற அக்காவைப் பார்த்தாள்.

அக்கா ஓடினாள். வந்தவர் பக்கத்துச் சைபரை உருவினாள். சதுரத்தில் கட்டை முடிக்காரியை எல்லாரும் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றைச் செருகினாள்.

அந்த ஒன்றும் நம் பக்கத்துச் சைபரும் கடைசி வரைக்கும் மாறவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. தங்கை கட்டிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். காலுறையைக் கழற்றி எறிந்தாள். பாத்தியாக்கா என்று கேட்கவில்லை. அக்கா வைத்த டீ ஆடை கட்டியது.

"போர்டுல ரொம்ப நேரம் சைபர்னே இருந்துச்சு" என்றாள் தங்கை கடைசியில். "ரெஃப்ரி கோல் கொடுக்கலையோன்னு நினைச்சேன். சந்தோஷமா இருந்துச்சு, அந்தக் கொஞ்ச நேரம்."

"ம்."

"எப்படிக்கா போட்டா அவ? நான் பாக்கவே இல்ல."

அக்கா காலுறைகளை எடுத்தாள். சுருட்டினாள், தங்கை சுருட்டுகிற அளவுக்கு இறுக்கமாக வரவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"இந்த சிலிண்டர்தான் உங்க ரெண்டாம் நம்பர். அவ இப்படி ஓடி வந்தா. இவ குறுக்க வந்தா. அவ நின்னுட்டா. ஓடினவ எதுக்கு நிக்கறான்னு நான் நினைக்கிறதுக்குள்ள, இவ அந்தப் பக்கம் போயிட்டா. அப்புறம் வலுவா அடிக்கலடி. இப்படி. தூங்கற குழந்தையை நகர்த்தற மாதிரி." இடது காலால் தள்ளினாள். காலுறை உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. தடுமாறிச் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டாள். அவள் பந்து என்று ஒன்றை உதைத்தது அதுதான் முதல் தடவை.

தங்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் கோலை ஒண்ணைக்கூட இப்படி நீ சொன்னதில்லையே. நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சுன்னுதானே சொல்லுவ?"

அக்கா சிலிண்டரின் வளையத்தைத் துடைத்தாள். அதில் தூசி இல்லை.

"நான் பாக்கலடி. ஒண்ணுகூட. பின்னாடி நின்னா சுவருதான் தெரியும். நம்பரை எடுக்கறப்பதான் தெரியும். அதுக்குள்ள நீ போட்டு முடிச்சிருப்ப."

"அஞ்சும் பாத்தேன்னு சொன்னியே!"

"நீ அங்கேருந்து கை காட்டினியே."

தங்கை எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். பின்னங்கழுத்தில் புல் ஒட்டியிருந்தது. அக்கா அதை எடுக்கக் கை நீட்டினாள், எடுக்கவில்லை. அவள் கிளம்ப இன்னும் மூன்று வாரம். அதற்கப்புறம் இந்த அறையில் வாளி வைத்த இடத்திலேயே இருக்கும்.

தங்கை குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து காலுறையை எடுத்தாள். அவிழ்த்து இறுக்கமாகச் சுருட்டினாள். மூக்கை உறிஞ்சினாள்.

"உக்காரு."

"டீ சூடு பண்ணிட்டு..."

"டீ எங்கயும் ஓடாது. உக்காருக்கா. அங்க இல்ல, அது எனக்குப் பின்னாடி. இந்தப் பக்கம், முன்னாடி." வாளியை இழுத்துச் சுவரோடு வைத்தாள். "முதல் ஆட்டம், முப்பத்தொண்ணாவது நிமிஷம். மெதுவாப் பண்ணிக் காட்டட்டா?"

"வேண்டாம். அங்க எவ்வளவு வேகமோ அவ்வளவு."

தங்கை திரும்பினாள், அடித்தாள். வாளி சுவரில் போய் மோதியது. அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரம்மா ஒரு தட்டு தட்டினார். பழக்கத்தில் அக்காவின் கை சைபரை உருவ மேலே எழுந்தது. பிறகு மடியில் இறங்கியது. அதற்குள் தங்கை இரண்டாவது கோலுக்குப் பந்தை வைத்துவிட்டாள்.