பக்கத்து இருக்கைக்கு ஒரு ஆள்

அவள் கைகள் பழைய ஜிப் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தன. பிளேடின் நுனி துணியில் படாமல் நூலை மட்டும் தேடிப் பிடித்து அறுத்தது. அறுந்த நூல்களை விரல்கள் உருட்டி மேசை ஓரத்தில் ஒட்டின. கண் மட்டும் வேலையில் இல்லை. கால்பந்து டிக்கெட் வாங்க வந்து எதிரே நின்ற பேங்க் அதிகாரியின் முகத்தில் இருந்தது.

"சொல்லுங்க சார். ஜன்னலுக்கு வெளியே என்ன நடக்குது?"

"டிக்கெட்டுக்கும் ஜன்னலுக்கும் என்னம்மா சம்பந்தம்? ரெண்டு மடங்கு தர்றேன், குடுங்க."

"விலை அதுலயே அச்சடிச்சிருக்கு. அதுக்கு மேல வேணாம். ஜன்னலைப் பாருங்க சார்."

அவர் பார்த்தார். "ரோடு. டிராஃபிக். வேறென்ன?"

"சரிங்க சார், போயிட்டு வாங்க" என்று ஜிப்புக்குத் திரும்பிவிட்டாள்.

அவளுடையது துணி திருத்தும் கடை. புதிதாக எதையும் தைப்பதில்லை. நீளம் குறைப்பாள், இடுப்பைப் பிடிப்பாள், விட்டுப்போன தையலைச் சேர்ப்பாள். "புதுசு தைக்க ஊரெல்லாம் ஆள் இருக்கு. உடம்பு மாறினதுக்கப்புறம் எல்லாரும் என்கிட்டதான் வரணும்" என்பது அவள் கணக்கு. குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது கால் மாவுக்கட்டோடு ஸ்டூலில் நீண்டிருக்கிறது. மெஷின் மிதிப்பது இடது கால். "தையல் கோணலா இருந்தா என்னைத் திட்டாதீங்க, இந்தக் காலைத் திட்டுங்க."

மூலையில் அவள் கணவர். பஸ் ஓட்டியவர், பார்வை மெல்ல மங்கி, ஒருநாள் முழுதாகப் போய்விட்டது. இப்போது மடியில் தகர டப்பாவை வைத்துக்கொண்டு, கழற்றிய பித்தான்களை விரலால் தடவி இனம் பிரிக்கிறார். ஆனாலும் கால்பந்துப் போட்டி என்றால் இருவருக்கும் மேல் கேலரியில் அடுத்தடுத்து இரண்டு இடம் உண்டு. ஆட்டம் தொடங்கியதும் அவள் அவர் காதோரம் குனிந்துவிடுவாள்.

"கோல்கீப்பரு சாக்ஸை இழுத்து விடுறான். இடது காலு மட்டும். எலாஸ்டிக் போயிடுச்சுபோல."

"பந்து எங்க?"

"பந்து கிடக்கட்டும். நம்ம ஏழாம் நம்பரு சட்டையை உள்ள விட்டுட்டான். இப்ப ஓடப்போறான் பாருங்க."

உண்மையிலேயே ஓடுவான். ரேடியோ வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான். "ரேடியோக்காரன் பந்து பின்னாடி ஓடுறான். இவ ஆளைப் பார்க்குறா."

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. அவருடைய அணி கடைசியாக இறுதிக்கு வந்தபோது அவருக்குக் கண் இருந்தது. டாக்டரோ, அவள் இந்தக் காலோடு படி ஏறவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு டிக்கெட்டையும் வித்துடு. நானும் உன்கூட வீட்டுல இருக்கேன்" என்றார் கணவர். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு அவளுக்குத் தெரிந்தது. கடைக் கதவில் அவள் ஒட்டிய தாளில் ஒரு டிக்கெட் என்றுதான் இருந்தது. கீழே, 'நேரில் பேசவும்.'

பேச வந்தவர்களுக்குக் குறைவில்லை. எதிர்க்கடை முடிதிருத்துபவர் ஒவ்வொரு ஆட்டக்காரனின் பூர்வீகத்தையும் ஒப்பித்தார். "அண்ணே, அவன் அப்பா என்ன வேலை பார்த்தாருன்னு சொன்னீங்க. அவன் இப்ப எங்க நிக்குறான்னு சொல்லலையே!" கொழுந்தன் தானே வருவதாகச் சொன்னான். கணவர் சிரித்துவிட்டார். "தம்பி நல்லா சொல்லுவான். கோல் விழுந்து ஊரே கத்தி ஓஞ்சப்புறம், போனை விட்டு நிமிர்ந்து சொல்லுவான்."

சனிக்கிழமை சாயங்காலமும் தாள் கதவிலேயே இருந்தது.

"கிழிச்சுப் போடும்மா. டிக்கெட்டு விக்கிறதுக்கு இன்டர்வியூ வச்சா எவன் வருவான்?" என்றார் கணவர்.

அவள் ஆரஞ்சு நிற வேலைச் சட்டை ஒன்றை எடுத்தாள். அதை வாங்கிப்போக ஆள் வந்து நின்றிருந்தான். முப்பது வயதிருக்கும். மார்புப் பை அடியோடு பிய்ந்திருந்தது.

"இதுல என்ன தம்பி, கல்லா வைக்கிறீங்க?"

"வாக்கிடாக்கிக்கா. கனம். கிரேன் வேலை."

"கிரேன் ஓட்டுறீங்களா?"

"ஓட்டுறவரு மேல கூண்டுல இருப்பாரு. கட்டடத்துக்கு அந்தப் பக்கம் பாரம் இறங்குறது அவருக்குத் தெரியாது. கீழேர்ந்து நான் சொல்லணும்."

ஊசி நின்றது.

"கொஞ்சம் ஜன்னலைப் பாருங்க. இவருக்குச் சொல்லுங்க, என்ன நடக்குதுன்னு."

அவன் ஜன்னலைப் பார்க்கவில்லை. முதலில் பெரியவரின் நாற்காலிக்குப் பின்னால் போய், அவர் பார்த்த திசையிலேயே நின்றான். "இப்படியே இருங்கய்யா" என்றுவிட்டு ஆரம்பித்தான்.

"உங்க இடது பக்கம் ஒரு சைக்கிள். மெதுவா வருது. கேரியர்ல சிலிண்டர். நேர் எதிர்ல நாய், படுத்திருக்கு. சைக்கிள் கிட்ட வருது. இன்னும் கிட்ட. நாய் அசையல. சைக்கிள் நின்னுடுச்சு. ஆள் ஒரு கால் ஊனிட்டாரு. நாய் எந்திரிக்குது. வலது பக்கமா போகுது. சைக்கிளும் போகுது. தாண்டிடுச்சு."

அவள் தெருவைப் பார்க்கவில்லை. கணவரின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, நடுவில் நின்று, பிறகு வலப்பக்கம் போய் முடிந்தது. டப்பாவுக்குள் கை அசையாமல் கிடந்தது.

"நாய் என்ன கலரு?" என்று கேட்டார் அவர்.

"அது வேலைக்குத் தேவையில்லையேய்யா."

பெரியவர் சத்தமாகச் சிரித்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"எனக்குப் பந்து விளையாட்டு தெரியாதுக்கா. அப்புறம், வாரமெல்லாம் பார்க்குற வேலையை ஞாயித்துக்கிழமையும் பார்க்கணும்னா, நீங்கதானே எனக்குக் கூலி குடுக்கணும்?"

"பாயிண்டைப் புடிச்சான் பாரு!" என்றார் பெரியவர்.

"எந்தப் பக்கத்து சீட்டுக்கா?"

"மேற்குப் பக்கம், மேல."

"அந்த ஸ்டேடியத்துக் கூரை இரும்பெல்லாம் நாங்க ஏத்தினதுதான். ஒருதடவைகூட உள்ள உக்காந்து பார்த்ததில்ல" என்று அவன் பர்ஸை எடுத்தான். அச்சடித்த விலையை மேசைமேல் வைத்தான். அவள் டிக்கெட்டைக் கொடுத்தாள்.

பிறகு பை வேலையை முடித்தாள். இரட்டைத் தையல் போட்டும் திருப்தியில்லாமல், மூலைகளில் கையாலேயே இன்னொரு கட்டு போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள். சட்டையை மடித்து நீட்டினாள். அவன் பிடித்தான். அவள் விடவில்லை.

"கலரையும் சொல்லுங்க தம்பி. யார் சட்டை அழுக்காயிருக்கு, யாருக்கு வெளிய தொங்குது, எல்லாம். வேலைக்குத் தேவையில்லதான். அவருக்கு வேணும்."

"சரிக்கா."

"கோல்கீப்பரு சாக்ஸையும்."

"சரிக்கா."

அதன் பிறகுதான் சட்டையிலிருந்து கையை எடுத்தாள்.