கடலுக்கு அந்தப் பக்கத்துக் கையெழுத்து

ஒக்கூரில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். காரைக்குடி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த கம்பவுண்டர், "செல்வமேரி சிஸ்டர் தவறிட்டாக" என்றார். கடைசிக் குழந்தைக்கும் போட்டுவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு மூடியிருந்தார்கள்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவர் கண்டிப்பான நர்ஸ். தாயகம் திரும்பியவர்களின் முகாமில் எங்கள் இருவரையும் போட்டிருந்த காலத்தில்தான் நான் அவரை அறிந்தேன்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பார்வதி, அந்த முகாமில் மாமியாரோடும் பிள்ளைகளோடும் இருந்தாள். இலங்கையிலேயே இருந்த புருஷனுக்கு இந்தியா வர இன்னும் காகிதம் கிடைக்கவில்லை. கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய்த் தப்பிப் பிழைத்தவள் அவள். "இன்னொரு புள்ள தங்குனா நான் இருக்க மாட்டேங்க, சிஸ்டர். ஆபரேஷன் செஞ்சிடுங்க" என்று செல்வமேரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாமியாரும், "எம் மகன் வரட்டும்" என்றாள்.

அக்கா டாக்டர் முன்னால் போய் நின்றார். "உசுரு போறது இவளுக்கு. கையெழுத்து மட்டும் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வரணுமாக்கும்?"

டாக்டர் இசையவில்லை. மறுவாரம் வந்த லேடி டாக்டரிடம் அக்கா பார்வதியை அழைத்துப் போனார். அந்த டாக்டர் கர்ப்பம் தங்காமலிருக்க லூப் வைத்துவிட்டார். அதற்குப் பார்வதியின் சம்மதம் போதுமாயிருந்தது.

கப்பலில் வந்திறங்கிய புருஷனிடம் மாமியார் சொல்லிவிட்டாள். அக்காவின் வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினான். "கல்யாணமே கட்டாத உனக்குக் குடும்பத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"உங்க பொஞ்சாதி உசுரோட இருக்கா. அதுக்குத்தான் செஞ்சேன்" என்றார் அக்கா.

வீட்டுக்காரர் அந்த மாதமே காலி செய்யச் சொன்னார். மாதா கோவிலில் பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். பிறகு அக்கா ஊர்க்கோடியில் ஒற்றை அறைக்குப் போனார். கடைசிவரை அங்கேயே இருந்தார்.

பார்வதி குடும்பத்தை நீலகிரிக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. நான் குறைப்பட்டுக்கொண்டபோது, "அவ புள்ளைகளைப் பாத்துக்கிட்டு இருக்கா. என்னைய எதுக்கு நெனைக்கணும்?" என்றார். சொல்லிவிட்டு, ஒருவருக்கென்று வடித்த சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டார்.

பார்வதி இப்போது எங்கே இருக்கிறாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. இந்தச் செய்தி அவளுக்குப் போகாது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். ஒரு பெண் வந்தால், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவேன். அவளாக வாய் திறக்கும்வரை காத்திருப்பேன். நேற்று ஒருத்தி அப்படித்தான் தன் கஷ்டத்தைச் சொன்னாள். அவள் போனதும், இதை அக்காவிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ் நிறுத்தம்வரை நடந்துவிட்டேன்; அக்கா இல்லை என்பது அங்கேதான் நினைவுக்கு வந்தது.