ஐஸில் கிடந்த கன்று

பருவத்துக்கு வந்த பசு விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. இரண்டு முறை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. இந்த முறையும் தவறினால் விற்றுவிடலாம் என்று நான் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து மனைவி பசுவிடம்தான் அதிகம் பேசினாள்.

சினை ஊசி போடுகிறவர் ஆரம்பாக்கத்திலிருந்து வண்டியில் வந்தார். காளை விந்து வைத்த அலுமினியக் கேனை இறக்கி மூடியைத் தூக்கினார். வெண்புகை வழிந்து சாணித் தரையில் ஊர்ந்தது. மனைவி பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன் கூடைகளுக்கு நடுவே பிறந்தவள்.

“எத்தினி நாளா ஐஸ்ல கீது, தம்பி?”

“ஐஸ் இல்லக்கா, நைட்ரஜன். அந்தக் காளை செத்தே பல வருஷம் ஆயிருக்கும்.”

“இன்னாது! எங்க நைனா நேத்து மீனையே வூட்டுக்குள்ள வுட மாட்டாரு. செத்த காளையோடத எங்கிட்ட தள்ளிவுடப் பாக்குறியா?”

“அப்போ காளைய வண்டில ஒக்கார வெச்சிக் கூட்டியாரட்டா?”

நான் சிரிக்கவில்லை. எனக்கு வேறு சந்தேகம்.

குளிரைத் துரத்திப் போன விஞ்ஞானிகளின் கதையைப் படித்தவன் நான். முதலில் பனிக்கட்டியில் உப்பைக் கலந்து பார்த்தார்கள். பிறகு வாயுக்களைத் திரவமாக்க, கண்ணாடிக் குழாயில் அடைத்து அமுக்கினார்கள். குழாய்கள் முகத்தருகே வெடித்தன. சில வாயுக்கள் எதற்கும் மசியவில்லை. இவை என்றைக்கும் வாயுதான் என்று முத்திரை குத்தினார்கள். அந்தப் பிடிவாதக் கூட்டத்தில் ஒன்று நைட்ரஜன். அதுவும் ஒருநாள் சொட்டியது. கடைசியில் ஹீலியமும் சொட்டியது. ஆனால் குளிரின் அடித்தரையை, பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று எழுபத்து மூன்று டிகிரியை, இன்றுவரை யாரும் தொடவில்லை. நெருங்க நெருங்க நழுவுகிறது. பிடித்த குளிரைக் காக்கச் செய்த இரட்டைச் சுவர்க் குடுவையின் வாரிசுகள்தான் இந்தக் கேனும், எங்கள் வீட்டு டீ பிளாஸ்க்கும். பிளாஸ்க்கில் டீ மதியத்துக்குள் ஆறிவிடுகிறது. கேன் மட்டும் யோக்கியமா? புகைகிறதென்றால் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று அவரிடமே கேட்டேன்.

“போட்ல டீசல் இருக்குதானு குச்சி வுட்டுப் பாப்போம்,” என்றாள் மனைவி. “அந்த மாதிரி காட்டு.”

அவர் முணுமுணுத்தபடி ஒரு கறுப்புக் குச்சியை உள்ளே விட்டு எடுத்து, காற்றில் ஆட்டினார். அடியில் நாலு விரல் உயரத்துக்கு வெள்ளையாகப் பனி பூத்தது.

“அடிலதான் கீது,” என்றாள்.

“சரக்கு முங்குற அளவுக்கு இருக்குதுக்கா. போடவா, போவட்டா? பொழுது சாஞ்சா மாடு அடங்கிடும்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. பசுவைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் கேனிலிருந்து எடுத்த மெல்லிய குழல் அதில் மிதந்தது. “இதுல போட்டா உசுரு வந்துடுமா?” என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் வாலைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, சினை பிடிக்காவிட்டால் பசு மறுபடி கத்த வேண்டிய நாளில், தொழுவம் அமைதியாக இருந்தது. எனக்கு முன்பே எழுந்தவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

“கத்தல,” என்றேன். “நல்லதுதானே?”

“இரு,” என்றாள், பசுவின் வயிற்றில் காதை வைத்து. “நடிக்குதோ இன்னாவோ.”