தளிகை உள்ளில் இருந்த ஒரே பிளக்

அந்தப் பேட்டரி வண்டியைப் பற்றி எங்கள் வீட்டில் பத்து நாள் பேசினார்கள். எத்தனை தூரம் ஓடும் என்று பேசினார்கள், மழையில் நனைந்தால் ஷாக் அடிக்குமா என்று பேசினார்கள், நம் வீட்டுக்கு இது ஒத்துவருமா என்று என் கணவரும் அவர் தம்பியும் காபியை ஆற விட்டுவிட்டுப் பேசினார்கள். அதை ஓட்ட ஆசைப்பட்டவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்களுக்குத் தளிகைத் தொழில். சீமந்தம், ஆயுஷ்ஹோமம், அறுபதாம் கல்யாணம் என்று சின்னச் சின்ன ஆர்டராக எடுத்து, வீட்டிலேயே சமைத்து, அண்டாவிலும் தூக்கிலும் அடைத்து, சொன்ன இடத்துக்குக் கொண்டுபோய்ப் பரிமாறிவிட்டு வருவோம். மாமியார் விடியற்காலை நாலு மணிக்குக் குளித்து மடியாக அடுப்பு மூட்டுவார். நான் அடுப்பிலும் நிற்பேன், கூடப் போய்ப் பரிமாறவும் செய்வேன். கணவருக்கு ஆர்டர் பிடிக்கிற வேலை. மீதி நேரம் வாசலில் நின்று அதிகாரம்.

சாமான் ஏற்ற ஒரு டெம்போவை வாடகைக்கு வைத்திருந்தோம். அதன் டிரைவர் தாமல்காரன். ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் ஒன்பதரைக்குப் போன் எடுப்பான். "வந்துக்கினே இருக்கேன் மாமி, ஏரிக்கரைகிட்ட வந்துட்டேன்" என்பான். தாமல் ஏரிக்கரை அவன் வீட்டுக் கொல்லைப்புறம். இன்னும் கிளம்பவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்வான். ஒருமுறை பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டில் ஐம்பது பேர் இலை முன்னால் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து, காத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் புளியோதரை அண்டாவோடு தெருவில் நிற்கிறோம், டெம்போவைக் காணோம். கடைசியில் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டு மாமா என்னைத்தான் பிடித்துக்கொண்டார். ஆர்டர் பிடித்த மனுஷர் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது. நானே வண்டி ஓட்ட வேண்டும். யாருக்காகவும் வாசலில் நிற்காமல், சாமானை ஏற்றி, நானே உட்கார்ந்து, நானே போய் இறங்க வேண்டும். வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ இருக்கும். பகலில் முறைவைத்துக் கரண்டைப் பிடுங்கிக்கொண்டிருந்த காலம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்த்த கணவரின் தம்பி, இந்த வண்டி பற்றிய வழவழப்புக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்று சக்கரம், முன்னால் ஒரு சீட்டு, பின்னால் சாமான் வைக்கத் தொட்டி. டீசல் வேண்டாம், கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. ஊருக்குள் ஒருவர் அதை விற்க எடுத்து வைத்திருந்தார். போய்ப் பார்த்தோம். கடைக்காரர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"லைசென்ஸே வேணாம் மேடம், மெதுவாதான் போவும். கையத் திருப்புனா ஓடும், விட்டா நின்னுடும். ஒரு வாரம் எடுத்துக்கினு போய் ஓட்டிப் பாருங்க, புடிச்சா வாங்குங்க. புடிக்கலன்னா கொண்டாந்து வுட்டுடுங்க."

லைசென்ஸ் வேண்டாம் என்றது நிஜமா, விற்கிற ஆசையில் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அது என் காதில் தேனாக விழுந்தது. என் கணவர் சிரித்தார். "இவளா? ரோட்டைத் தாண்டவே என் கையைப் பிடிச்சுப்பா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கடைக்கு முன்னாலிருந்த காலி மனையில் மூன்று சுற்று ஓட்டிக் காட்டினேன். மூன்றாவது சுற்றில் அவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

வண்டி வீட்டுக்கு வந்தது. இப்போது அதை எங்கே சார்ஜ் போடுவது? பழைய வீடு. பெரிய பிளக் ஒன்றே ஒன்றுதான், அதுவும் தளிகை உள்ளில், சமையல்கட்டில், கிரைண்டருக்காக வைத்தது. ஜன்னல் வழியாகச் சந்துக்கு ஒயரை இழுத்து வண்டியில் மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்ததும் எனக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம். கணவர் வந்து ஒயரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"திரும்பி வரச்சே இந்த வண்டில எச்சில் பாத்திரம், சாதம் பட்ட அண்டா எல்லாம் ஏத்திண்டு வரப்போறோம். அத்தனையும் பத்து. அதுலேருந்து ஒயர் நேரா தளிகை உள்ளுக்குள்ள வந்தா, அடுப்பங்கரையே பத்துதானே? அம்மா ஒத்துக்க மாட்டா."

எங்கள் வீட்டில் சாதம் பட்டதெல்லாம் பத்து. அதைத் தொட்டால் கை அலம்பாமல் வேறெதையும் தொடக்கூடாது. அது எனக்குப் பழகிப்போனதுதான். ஆனால் ஒயர் வழியாகப் பத்து ஊர்ந்து வரும் என்று நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

"அப்போ வாசல்ல ஒரு பிளக் வெச்சுக்கலாமே" என்றேன்.

"சுவரை இடிக்கணும். அம்மா ஒத்துக்க மாட்டா."

இந்த 'அம்மா ஒத்துக்க மாட்டா'வைப் அதுவரை பதினாறு வருஷமாகக் கேட்டு வந்தேன். அதற்கு மேல் பேச்சு கிடையாது. நானே மாமியாரிடம் போய்க் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. பெரியவர்களிடம் எதைக் கேட்பதானாலும் கணவர் வழியாகத்தான் கேட்க வேண்டும், அதுதான் மரியாதை என்று கல்யாணமான முதல் வாரமே எனக்குச் சொல்லிவிட்டார்கள். மாமியாரும் நானும் ஒரே அடுப்பில் நிற்போம். உப்பு, புளி, எத்தனை படி அரிசி, இதற்கு மேல் ஒரு பேச்சு எங்களுக்குள் இருந்ததில்லை. மனசுக்குள் மட்டும் அவரை நான் திட்டாத திட்டு இல்லை.

கடைசியில் கணவரே ஒரு வழி சொன்னார். ராத்திரி சாப்பாடு முடிந்து அடுப்பை மெழுகியதும் ஒயரை மாட்டலாம். அம்மா எழுந்து வருவதற்குள் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்குவது தன் பொறுப்பு. சரி என்றேன்.

நாலு நாள் நான் ராணி. பூக்கடைக்குப் போனேன், அரிசி மண்டிக்குப் போனேன், அண்டா ஈயம் பூசக் கொடுத்துவிட்டு வந்தேன். சத்தமே இல்லாமல் போகும் அந்த வண்டி. சன்னதித் தெருவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பட்டாச்சாரியார் குடையைத் தாழ்த்திக்கொண்டு பார்த்தார். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, விசில் அடிக்கலாம் போலவும் இருந்தது. எல்லாம் பக்கத்துப் பக்கத்துத் தூரம். வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஊருக்கு வெளியே, கூரம் கிராமத்தில் அறுபதாம் கல்யாணம். அண்டா, குண்டான், தூக்கு எல்லாவற்றையும் தொட்டியில் அடுக்கி, கணவரையும் உதவிக்கு வரும் மாமியையும் பஸ்ஸில் அனுப்பிவிட்டு நான் தனியாகக் கிளம்பினேன். முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. முழு ராத்திரி சார்ஜ் ஏறியும் பாதிதானா என்று யோசித்தேன். முள்ளில் கோளாறு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே கூரத்தில் இறங்கினேன். பதினாறு வருஷத் தொழிலில் முதல்முறையாக நாங்கள் போய் அவர்களுக்காகக் காத்திருந்தோம்.

திரும்பும்போது, ஊருக்கு இன்னும் பாதி வழி இருக்கையில், ஒரு சின்ன ஏற்றத்தில் வண்டி முனகிற்று. அப்புறம் நின்றுவிட்டது. உச்சி வெயில். இரண்டு பக்கமும் வயல். பின்னால் எச்சில் பாத்திரங்களில் ஈ மொய்க்கிறது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. ஒரு டிராக்டர்க்காரர் நிறுத்தி, வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"டீசலும் கெடயாது, பெட்ரோலும் கெடயாது, அப்ப இன்னாமா குடிக்குது இது?"

"கரண்ட்" என்றேன்.

"மனுஷனுக்கே கரண்ட் இல்லாம விசிறிக்கினு கெடக்கறோம், இதுக்கு எங்கமா போறது?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் கயிறு கட்டி எங்கள் தெரு வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நல்ல மனுஷர். டிராக்டருக்குப் பின்னால் ஹேண்டிலைப் பிடித்தபடி நான் உட்கார்ந்து வந்ததைப் பார்க்காதவர்கள் அந்த ரோட்டில் யாரும் இல்லை.

பஸ்ஸில் முன்னாலேயே வந்துவிட்ட கணவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒரு திருப்தி. அதைப் பார்த்ததும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"கார்த்தால எத்தனை மணிக்குப் பிளக்கைப் பிடுங்கினேள்?"

"கார்த்தாலயா? ராத்திரி படுக்கப் போகச்சேயே பிடுங்கிட்டேன். தினம் அப்படித்தான். நாலு மணிக்கு முன்னாடி யார் ஏந்துக்கறது?"

அடப்பாவி மனுஷா! எட்டு மணி நேரம் ஏற வேண்டிய சார்ஜ் ஒன்றரை மணி நேரம் ஏறியிருக்கிறது, அதுவும் தினம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் நானே எழுந்து பிடுங்கியிருப்பேனே! தெருவில் நின்றபடியே கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

"இப்போ தெரியறதோல்லியோ? இது நம்மாத்துக்கு ஒத்துவராது. கரண்ட் இல்லாத ஊர், மடி ஆசாரம் இருக்கிற குடும்பம். அம்மாவையும் பார்க்கணும் இல்லையா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் தம்பியை விட்டு வண்டியைக் கடையில் சேர்த்துவிட்டார். அடுத்த ஆர்டருக்குத் தாமல்காரன் வந்தான், முக்கால் மணி நேரம் தாமதமாக.

அதற்குப் பத்து நாள் கழித்து இருக்கும். மத்தியானம் மாமியார் அரிவாள்மணையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். நான் நார் எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டார்.

"ஏண்டிம்மா, அந்த வண்டியை ஏன் திருப்பிக் குடுத்தேள்? நன்னாத்தானே இருந்தது. புகையில்லை, சத்தமில்லை. நீ ஓட்டிண்டு வரதை ஜன்னல் வழியா பார்த்துண்டே இருப்பேன்."

எனக்கு எங்கிருந்து அத்தனை ஆத்திரம் வந்ததோ. மரியாதையாவது, பழக்கமாவது. கையிலிருந்த தண்டைத் தட்டில் போட்டேன்.

"உங்களுக்காகத்தாம்மா! பத்து வண்டிலேருந்து தளிகை உள்ளுக்கு ஒயர் வந்தா நீங்க ஒத்துக்க மாட்டேளாம்!"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நானா சொன்னேன்? என்னை யாருமே கேக்கலையே. ஒயருக்கு என்னடி பத்து? அந்தக் கரண்ட் நம்மாத்துக்கு வரதுக்கு முன்னாடி ஊர்ல எந்தெந்த ஆத்துல நுழைஞ்சுட்டு வரதோ, அதுலதானே கிரைண்டர் ஓடறது? கார்த்தால பிளக் கீழே கிடக்கும். கரண்ட் செலவுன்னு பிடுங்கி வெச்சிருக்கான்னு நெனச்சுண்டேன்."

"வாசல்ல பிளக் வைக்கச் சுவரை இடிக்கக் கூடாதுன்னு சொன்னேளாமே?"

"இடிச்சா இடிக்கட்டுமே. நான் என்ன சுவரைக் கட்டிண்டா போகப் போறேன்?"

பதினாறு வருஷம். இந்த அம்மாவை மனசுக்குள் எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன். நான் பரிமாறும்போது அவர் பேசாமல் இருந்தால் திமிர் என்று நினைத்தேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தாரோ. அதையும் அந்த மனுஷர்தான் ஏதாவது சொல்லி வைத்திருப்பார். அப்போதுதான் அது எனக்கு ஞாபகம் வந்தது. கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"அம்மா, நான் கல்யாணமாகி வந்த வருஷம், வாலாஜாபாத்துல ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலைக்கு எனக்கு ஆர்டர் வந்ததே. பஸ்ல போய் வர மாட்டுப்பொண் நமக்கு வேண்டாம்னு நீங்க சொன்னதா அவர் வந்து சொன்னாரே..."

மாமியாரின் கை நின்றுவிட்டது.

"உனக்கு வேலைக்கு ஆர்டர் வந்ததா?" என்றார்.

கொல்லையில் என் கணவர் கால் அலம்பும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கப் போனேன். மாமியார் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு, நான் அதுவரை கேட்டறியாத ஒரு குரலில் கூப்பிட்டார்.

"டேய், இங்கே வாடா."