பாதை வளையும் என்று சொன்னவன்

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ தரம் கொப்பியை விரித்து, பிள்ளையார் சுழியைப் போட்டுவிட்டு மூடியிருக்கிறேன். சுழி மட்டும் போட்ட கொப்பிகள் மூன்று என் அலுமாரியில் கிடக்கின்றன. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதி யார் வாசிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லி வந்தேன். உண்மை அதுவல்ல, வெட்கம். வெளிநாட்டுக்குப் போனவன் நாலு பேருக்கு உதவியாக இருப்பான் என்று ஊரில் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, என்னை நம்பிய ஒரு மனுசிக்கு நான் செய்ததை எப்படி எழுதுவது? இப்போது வயது போய்விட்டது. முருகன் இன்னும் எத்தனை நாள் தருவானோ தெரியாது. எழுதிவிடுகிறேன்.

அவுஸ்திரேலியாவுக்கு நாங்கள் வந்தது எழுபதுகளின் நடுவில். என் மனைவி புஷ்பம் தாதி. மெல்பேர்ணில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது, அவளுக்குப் பின்னால் நான் வந்தேன். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருஷம் அரசாங்க வீதிப் பகுதியில் நில அளவையாளர்களோடு அளவுச் சங்கிலி இழுத்தவன் நான். இங்கேயும் ஒரு பெருந்தெரு அளக்கும் குழுவில் அதே வேலை கிடைத்தது. எனக்கு முதலில் புதினமாகப் பட்டது குளிரும் அல்ல, சாப்பாடும் அல்ல, இவர்கள் அளவு குறிக்க நிலத்தில் முளைக்கட்டை அடிக்கிற விதம்தான். நேரம் பார்ப்பதில்லை, திசை பார்ப்பதில்லை. லொறியை நிறுத்தினார்கள், இறங்கினார்கள், சுத்தியலால் அடித்தார்கள், தலையில் இளஞ்சிவப்பு ரிப்பனைக் கட்டினார்கள். முதல் நாள் நான் குனிந்து நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். எங்கள் குழுவின் அளவையாளன் கீத், நல்ல உயரம், எதற்கும் பகிடி விடுகிற மனுசன்.

“என்ன சாம், எதையாவது துலைச்சுப்போட்டியா?” என்று கேட்டான். சண்முகம் என்ற பெயர் அவன் வாயில் அரை நாளிலேயே சாம் ஆகியிருந்தது.

“இல்லை, நிலத்திட்டை அனுமதி கேட்டனான்” என்றேன்.

“அது கவுன்சில் ஏற்கெனவே தந்திட்டுது” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாங்கள் அளந்தது நகரத்துக்கு வெளியே, மலையடிவாரத்துக்குப் போகிற வழியில் இருந்த ஒரு சின்ன ஊரை. நூறு வருஷத்துக்கும் முன்னால் ஜேர்மனியிலிருந்து வந்த குடும்பங்கள் காடு வெட்டிப் பழத்தோட்டம் வைத்த இடம். பெருந்தெரு ஊரின் நடுவால் போனது. கல்லு ஏற்றிய லொறிகள் ஓடி ஓடிக் அவர்களின் தேவாலயச் சுவரில் வெடிப்பு விட்டிருந்தது. ஊரைச் சுற்றி ஒரு பைபாஸ் பாதை போட்டுத் தரச்சொல்லி ஊர்ச்சனமே கையெழுத்து வைத்துக் கேட்டது. அதில் மிஸிஸ் க்ரூகரும் கையெழுத்து வைத்தவ. அறுபது வயதிருக்கும், பேரிக்காய்த் தோட்டத்தின் நடுவில் தனியே இருந்த விதவை. தோட்டத்தின் தெற்கு மூலையில் பழைய குடும்பங்களின் சின்ன அடக்கச்சாலை ஒன்று இருந்தது. பதினெட்டோ பத்தொன்பதோ கல்லறைக் கல்லுகள், கடைசிக் கல்லு அவவின் புருஷனுடையது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குப் புல்லை வெட்டி வெறுமையாக வைத்திருந்தா.

மட்டம் பார்க்கும் கோலோடு நான் அதற்குள் போகவேண்டி வந்த அன்று அவ புருஷனின் கல்லடியில் முழந்தாளில் இருந்து ஏதோ பாடிக்கொண்டிருந்தா. எனக்குக் காலில் சப்பாத்தோடு நிற்க மனம் வரவில்லை. கழற்றி வேலிக்கு வெளியே வைத்துவிட்டு, ஈரப் புல்லில் வெறுங்காலோடு கோலைப் பிடித்தேன். பாடி முடித்துத் திரும்பிப் பார்த்தா.

“இத்தனை வருஷத்தில் இதுக்குள்ளை சப்பாத்தைக் கழட்டினது நீர் ஒருத்தர்தான்” என்றா. பக்கத்து வெற்றுப் புல்லைக் காட்டி, “அது எனக்கு” என்றா. அறை காட்டுகிறவ மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னா.

அன்றைக்கு ஒரு பை பேரிக்காயோடு வீட்டுக்குப் போய்ப் புஷ்பத்திடம் கதையைச் சொன்னேன். அவள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “சுடலைக்குப் போட்டு வந்து நேரா குசினிக்குள்ளை வாறியளோ? ஊரிலை எண்டால் படலைக்கு வெளியிலை நிண்டு குளிச்சிருப்பியள். போங்கோ, முதல்லை தலையிலை தண்ணி வார்த்திட்டு வாங்கோ!”

“அது சுடலை மாதிரி இல்லையப்பா. கோயில் மாதிரி இருந்தது.”

“கோயிலெண்டாலும் குளிக்கத்தானே வேணும்” என்றாள்.

பாதைக்கு இரண்டு கோடுகள் போட்டிருந்தார்கள். வடக்குக் கோடு ஓடைக்கு அப்பால், வெறும் மேய்ச்சல் நிலத்தால் போனது. தெற்குக் கோடு அந்த அடக்கச்சாலைக்கு மேலால். எது என்று இன்னும் தீரவில்லை. வரைபடத்தை ஊர் மண்டபத்தில் ஒட்டி, மறுப்பு உள்ளவர்கள் குறித்த வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரவேண்டும் என்று அறிவித்திருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கு முதல்நாள் மிஸிஸ் க்ரூகர் வேலியடிக்கு வந்தா. கையில் கடிதம், முத்திரையும் ஒட்டியிருந்தது. முகத்தில் நித்திரை இல்லை. “சாம், இதை அனுப்பினால் வேலை ஒரு வருஷம் பிந்துமாம். ரோட்டுக் கேட்டவளே ரோட்டை மறிக்கிறாள் எண்டு ஊர் முழுக்கக் கதைக்கும். அனுப்பாமல் விட்டால் அவரைத் தோண்டிப் போடுவினமோ எண்டு பயமாக் கிடக்கு. நீர் அந்த வேலை செய்யிறனீர். உமக்குத் தெரியும். அனுப்பத்தான் வேணுமோ?”

என் நினைவுக்கு வந்தது யாழ்ப்பாணத்தில் நாங்கள் அளந்த ஒரு பாதை. அங்கேயும் கோடு நேரே போய், ஒரு நாவல் மரத்தின் கீழே சூலமாக நின்ற வைரவரில் முட்டியது. யாரும் மனு எழுதவில்லை, கூட்டம் வைக்கவில்லை. மண்வெட்டி பிடித்தவர்கள் மண்வெட்டியை வைத்துவிட்டு ஓரமாக இருந்து பீடி பற்றினார்கள். அவ்வளவுதான். அளவையாளர் ஐயா கொஞ்சநேரம் மரத்தைப் பார்த்தார். பிறகு முளையைப் பிடுங்கிப் பதினைந்து அடி தள்ளி அடிக்கச் சொன்னார். பாதை வைரவரைச் சுற்றி வளைந்து போனது. பஸ்காரர்கள் அந்த வளைவில் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு திருப்புவார்கள். பாதை என்றால் அப்படித்தான் என்று நான் நம்பியிருந்தேன்.

“அம்மா, அனுப்பத் தேவையில்லை. செத்தவைக்கு மேலாலை ஒருத்தரும் ரோட்டுப் போடமாட்டினம். முளை அடிக்கிறவங்களே விடமாட்டாங்கள். கோடு வளையும். நான் பதினொரு வருஷம் இந்த வேலை செய்தவன்” என்றேன்.

எந்த நாட்டில் என்று நான் சொல்லவில்லை.

“நிச்சயமாகவோ?” என்று கேட்டா. நெற்றித் திருநீற்றைத் தொட்டு, “கடவுள் அறிய” என்றேன். அவவின் தோள் இறங்கியதை நான் கண்டேன். கடிதத்தை அங்கியின் பைக்குள் வைத்தா. அன்று பின்னேரம் முழுவதும் ஒரு நல்ல காரியம் செய்த சந்தோஷத்தில் தேவாரம் முணுமுணுத்தபடி கோல் பிடித்தேன்.

பத்து நாள் கழித்துக் கீத் லொறிக்குள் தேநீரை ஊதிக்கொண்டே சொன்னான். “தெற்குக் கோடு, சாம். ஒரு மறுப்பும் வரேல்லை. எனக்கு வடக்குத்தான் விருப்பம். ஒரே ஒரு கடிதம் வந்திருந்தாலும் அதைக் காட்டி வாதாடியிருப்பன்.”

“கல்லறையள்?”

“எல்லாத்தையும் ஒழுங்கா எடுத்துப் பெரிய மயானத்திலை வைப்பினம். பாதிரியாரும் வருவார். ஏன் இப்பிடி வெளுத்துப்போனாய்? நீ வெளுக்கிறது லேசில்லையே!”

நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே ஓடிப்போய், அம்மா, பிந்தியென்றாலும் அந்தக் கடிதத்தைக் கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போங்கோ என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. நான் செய்தது, தோட்டத்துப் பக்கம் கோல் பிடிக்கும் முறையை வேறொருவனுக்கு மாற்றிக் கொடுத்ததுதான். மூன்று கிழமை அவவின் முகத்தில் முழிக்கவில்லை. அரசாங்கக் கடிதம் வந்துதான் அவ அறிந்தா.

“போய்ச் சொல்லுங்கோவன்” என்றாள் புஷ்பம் ஒவ்வொரு நாளும். “தெரியாமல் சொன்னனான், மன்னியுங்கோ எண்டு ஒரு வார்த்தை. அவ என்ன, அடிக்கவே போறா?”

“அடிச்சால் போகலாமப்பா.”

அந்த நாட்களில்தான் ஊரிலிருந்து மச்சானின் கடிதம் வந்தது. நல்ல செய்தியாகத்தான் எழுதியிருந்தான். பஸ் திரும்பக் கஷ்டப்படுகிறதென்று ஊரே கூடி, வைரவரைத் தள்ளி வைத்துச் சீமெந்தில் புதுக்கோயில் கட்டிவிட்டார்களாம். நாவல் மரத்தைத் தறித்துப் பாதையை நேராக்கியாகிவிட்டதாம். கும்பாபிஷேகம் சிறப்பாக நடந்ததாம். “நீ பார்த்தால் எந்த இடமெண்டு மட்டுக்கட்ட மாட்டாய்” என்று முடித்திருந்தான். அந்தக் கடிதத்தைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தேன்.

எலும்புகளை எடுத்த அன்று என்னைத் தப்பவிடவில்லை. எடுத்த பிறகு மட்டம் பார்க்க ஆள் வேண்டும் என்று கீத் கூட்டிப்போனான். சாக்குத் துணியால் சுற்றிவர மறைப்புக் கட்டியிருந்தார்கள். மிஸிஸ் க்ரூகர் கோயிலுக்குப் போகிற தொப்பியும் கறுத்தக் கோட்டும் போட்டு வேலிக்கு வெளியே நின்றா. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவவே பக்கத்தில் வந்தா.

“சாம், நீர் அண்டைக்குச் சொன்னது உம்முடைய ஊரைத்தானே?”

“ஓம்” என்றேன். வாயில் தமிழ்தான் வந்தது. தலையையும் ஆட்டினேன்.

“அங்கை உண்மையாவே வளைஞ்சதோ?”

மச்சானின் கடிதம் பைக்குள் இருந்தது.

“வளைஞ்சது” என்றேன்.

“அப்ப சரி. நீர் பொய் சொல்லேல்லை” என்று என் கையை ஒருதரம் தட்டிவிட்டுத் திரும்பிப் போனா. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவன் நான். கேளாமலே அவ தந்த மன்னிப்பையும் நான் பொய் சொல்லித்தான் வாங்கினேன்.

பாதை போட்டு முடித்தார்கள். நல்ல பாதை, குறை சொல்ல ஏலாது. லொறிகள் எல்லாம் வெளியால் போயின. ஊர் அமைதியானது. ஆனால் அமைதியோடு கடைகளும் ஒவ்வொன்றாய்ப் பூட்டுப்பட்டன, நின்று வாங்க ஆள் இல்லை. பெரிய மயானத்தில் பழைய எலும்புகளையெல்லாம் ஒரே கல்லின் கீழ் வரிசையாக வைத்தார்கள். பக்கத்தில் இடம் விடுகிற வழக்கம் அங்கே இல்லை. சில வருஷத்தில் மிஸிஸ் க்ரூகர் இறந்தபோது வேறு வரிசையில், முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் அடக்கம் செய்தார்கள். நான் பின்வரிசையில் நின்றுவிட்டு, ஒருவரோடும் கதைக்காமல் வந்தேன்.

ஆடி அமாவாசைக்கு இங்கே கடுங்குளிர். அப்பாவுக்காக விரதமிருந்து, கடற்கரையில் முழங்காலளவு தண்ணீரில் நின்று எள்ளும் தண்ணீரும் விடுகிறேன். அவரின் அஸ்தியை ஊரில் கீரிமலைக் கடலில் கரைத்தோம். அந்தக் கடலுக்கும் இந்தக் கடலுக்கும் நடுவே எவ்வளவு தண்ணீர் என்று எனக்குத் தெரியாது, போய்ச் சேரும் என்றுதான் விடுகிறேன். பிறகு இன்னும் இரண்டு கை அள்ளுகிறேன். ஒன்று மிஸ்டர் க்ரூகருக்கு, ஒன்று மிஸிஸ் க்ரூகருக்கு. அவர்களுக்கு நான் மகனும் அல்ல, உறவும் அல்ல, அவர்களின் சமயமும் அல்ல. கோத்திரம் சொல்லும் இடத்தில் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரிவதில்லை. என் ஊர்க் கடவுளின் பெயரால் அவர்களுக்கும், அவர்கள் நாட்டுத் தண்ணீரால் என் அப்பாவுக்கும் விட்டுவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் உரிமையில்லாதவனாகக் கால் மரக்கும்வரை நிற்கிறேன்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெளிநாடு வந்திருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் சிநேகிதருக்கும் இதைச் சொல்லுங்கள். கூட்டாமல், குறைக்காமல், நான் எழுதியபடியே சொல்லுங்கள். ‘பாவம், அவன் நல்ல மனத்தோடுதான் சொன்னவன்’ என்று மட்டும் தயவுசெய்து ஒருவரும் சேர்க்க வேண்டாம்.