முக்கால் கட்டில்

மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, கட்டடக் கம்பெனியின் மாதிரி வீட்டு வாசலில் வைத்துத்தான் தங்கை தன் வருங்கால அண்ணியை முதன்முதலாகப் பார்த்தாள். அந்த மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டி, இன்னும் எழும்பாத குடியிருப்பில் வீடுகளை விற்றுக் கொடுப்பது தங்கையின் வேலை. அண்ணி நகரப் பேருந்து ஓட்டுநர். நாற்பத்து நான்கு வயது. அண்ணனைவிட ஒரு சாண் உயரம்.

“கொடிக்கம்பத்தைக் கூட்டிட்டு வந்திருக்கேன். தலை இடிக்காத வீடா காட்டு,” என்றான் அண்ணன்.

“உங்களுக்கென்ன, மேசைக்கு அடியிலயே குடித்தனம் நடத்திடுவீங்க,” என்றாள் அண்ணி.

படுக்கையறைக்கு வந்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நடுவில் கட்டில், சுற்றிலும் தாராளமாக நடமாட இடம். இருபது ஆண்டுகள் இரட்டைப் பணி பார்த்துத் தம்பிகளைக் கரையேற்றியவளுக்கு, தனக்கென்று ஓர் அறை இருந்ததே இல்லை. மெல்லக் கட்டிலில் உட்காரப் போனாள்.

“அய்யோ, உக்காராதீங்க அண்ணி, விரிப்பு கசங்கிடும்!” தங்கை கையைப் பிடித்து நிறுத்தினாள்.

விரிப்புக்கு ஒன்றும் ஆகியிராது. மாதிரி வீட்டுச் சாமான்களெல்லாம் சொல்லிச் செய்வித்தவை, முக்கால் அளவு. கட்டில் சிறுத்தால் அறை பெருத்துத் தெரியும். ஆள் உட்கார்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். யாரையும் உட்காரவிடக் கூடாது என்பது அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித்தரும் பாடம்.

“பணத்தைக் கட்டின பிறகு கட்டடம் நின்னு போச்சுன்னா?” என்று அண்ணி கேட்டாள்.

“பணம் கம்பெனி கைக்கே போகாது அண்ணி. பாங்க்ல தனிக் கணக்குல இருக்கும். மாடி எழும்ப எழும்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா விடுவாங்க. வேற யாரும் தொட முடியாது. ஒரு குறைன்னா என்னைக் கேளுங்க, நானே திருப்பித் தர்றேன்.”

“நீ சொன்னா சரிடி.”

ஏழாவது மாடியில் ஒரு வீட்டுக்கு அண்ணி தன் சேமிப்பு முழுவதையும் கட்டினாள். போதாததற்குக் கடனும் வாங்கினாள்.

கல்யாணம் முடிந்தது. நான்கு மாடிகள் எழும்பின. கம்பெனி அதே வங்கியில் வேறொரு நிலத்துக்காக வாங்கியிருந்த கடனுக்குத் தவணை கட்டத் தவறியது. உடனே வங்கி, தனிக் கணக்கில் இருந்த பணத்தை நிறுத்தி வைத்தது; பழைய கடன் தீராமல் ஒரு காசும் விடமாட்டோம் என்றது. அது வீடு வாங்கியவர்களின் பணம் என்று கம்பெனி வழக்குத் தொடுத்தது. இரு தரப்பு வக்கீல்களும் வீடு வாங்கியவர்களுக்காகவே உருகினார்கள். தீர்ப்பு வரும்வரை பணம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்றது நீதிமன்றம். யாரும் தொட முடியாது என்று தங்கை சொன்னது அப்படியே பலித்தது.

விற்பனை அலுவலகத்தை மூடினார்கள். சம்பள பாக்கிக்கு ஈடாக மாதிரி வீட்டுச் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தங்கையின் பங்குக்கு வந்தது கட்டில். வாடகையும் கடன் தவணையும் சேர்ந்து கழுத்தை நெரிக்க, அண்ணனும் அண்ணியும் அவள் வீட்டுக்கே குடிவந்தார்கள். முன்னறையில் அந்தக் கட்டிலைத்தான் அவளால் போட முடிந்தது. அண்ணன் தரையில் படுத்துக்கொண்டான். அண்ணி ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுப்பாள். அது அவள் வழக்கம் என்று தங்கை தன்னைத்தானே நம்பவைத்துக்கொண்டாள்.

ஒரு நாள், புதிதாகச் சேர்ந்த துணிக்கடையிலிருந்து தங்கை பிற்பகலிலேயே திரும்பிவிட்டாள். விடிகாலைப் பணி முடிந்து வந்த அண்ணி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கால்கள் கட்டிலைத் தாண்டி நீண்டிருந்தன. குதிகாலுக்கு அடியில் ஒரு முக்காலி. அதன் மேல் மடித்த துண்டு. கதவுச் சத்தம் கேட்டதும், கண்ணைத் திறக்காமலே அண்ணி கால்களை இழுத்துக்கொண்டாள். ஒரு பாதம் மட்டும் நீண்டு, முக்காலியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது. பல நாள் பழகிய லாவகம் அதில் இருந்தது.

தங்கைக்கு முகம் எரிந்தது. “அண்ணி, அந்தக் கட்டில்…”

“கட்டிலுக்கு என்ன? பஸ் சீட்டுல தூங்கினவளுக்கு இது அரண்மனை.”

“அன்னிக்கு நான் உங்களை உக்கார விட்டிருக்கணும்.”

அண்ணி கண்ணைத் திறந்தாள்.

“விட்டிருந்தா மட்டும்? கட்டிலைப் பார்த்தா வாங்கினேன்? உன்னைப் பார்த்துத்தானேடி வாங்கினேன்,” என்றாள். குரலில் கோபம் இல்லை. “டீ போட்டா எனக்கும் சேர்த்துப் போடு.”

வழக்கு மேல்நீதிமன்றத்துக்குப் போனது. அண்ணி ஓய்வு பெற்றாள். தங்கை நீட்டிய பணத்தை ஒரு தடவைகூட அவள் வாங்கவில்லை. நானே திருப்பித் தர்றேன்னு சொன்னியே, எங்கேடி என்று அண்ணி ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் நெஞ்சு ஆறும் என்று தங்கைக்குத் தோன்றும். அதற்காகவே ஒருமுறை, ஒன்றுமில்லாத விஷயத்தை ஊதிப் பெருக்கிச் சண்டை இழுத்தாள். குரல்கள் ஏறின. இதோ கேட்டுவிடப் போகிறாள் என்று தங்கை காத்து நின்றாள்.

“பால் பாத்திரத்தை ஊற வைன்னு எத்தனை தடவைடி சொல்றது?” என்று கேட்டாள் அண்ணி. அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.